ஒக்கவாங்கோ டெல்டாவில் சொகுசு முகாம்: 3 இரவுக்கு இவ்வளவு பணம் போடலாமா?

வண்டல்மண் | பிப்ரவரி 9

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வரும் ஆகஸ்டில் 70 முடிகிறது. பொதுப்பணித்துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி தஞ்சாவூர்ப் பக்கம் மதகு, வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்றே போனது. எங்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கேட்டேன். காசி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "கடலுக்கே போகாத டெல்டா ஒண்ணு ஆப்பிரிக்காவுல இருக்காமே, அதைப் பார்க்கணும்மா" என்றார்.

போட்ஸ்வானாவில் இருக்கும் ஒக்கவாங்கோவைத்தான் சொல்கிறார். ஒரு பயண முகவரிடம் விசாரித்தேன். டெல்டாவுக்கு நடுவே ஒரு சொகுசு முகாம், ஆளுக்கு ஓர் இரவுக்கு 1.4 லட்சம் ரூபாய். மூன்று பேர், மூன்று இரவு என்றால் 12.6 லட்சம், ஜோகன்னஸ்பர்க் போய்வரும் டிக்கெட் தனி. "ஜனவரியில் போங்க, அப்பதான் மழைக்காலம், தண்ணி நிறைய இருக்கும், ரேட்டும் கம்மி" என்றும் சொன்னார்.

நான் பல வருஷம் சேர்த்த பணம். செலவு செய்யத் தயங்கவில்லை, ஆனால் தப்பான இடத்தில், தப்பான மாதத்தில் செய்துவிடக் கூடாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கபரோனிவாசி | பிப்ரவரி 9

போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் 14 வருஷமாக இருக்கிறேன், டெல்டாவுக்கு ஐந்து தடவை போயிருக்கிறேன். முதலில் அந்த ஜனவரிக் கதையைத் திருத்திவிடுகிறேன். உங்கள் அப்பா பார்க்க விரும்புவதே அதில்தான் இருக்கிறது.

ஒக்கவாங்கோவின் வெள்ளம் போட்ஸ்வானாவில் பெய்யும் மழையால் வருவதில்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளில் இறங்கி, நமீபியாவின் ஒரு சிறு துண்டு நிலத்தைக் கடந்து, மொஹெம்போ என்ற ஊரில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கே உச்சம் ஏப்ரல் வாக்கில். அங்கிருந்து டெல்டாவின் தென் விளிம்பில் உள்ள மவுன் நகரம் வரை சுமார் 250 கிலோமீட்டர். மொத்த இறக்கம் 60 மீட்டர் போல. தண்ணீர் ஓடுவதில்லை, ஊர்கிறது. கோரைக்குள் நுழைந்து, மணலில் இறங்கி, பள்ளம் பள்ளமாக நிரப்பிக்கொண்டு மவுனுக்கு வந்து சேர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். அப்போது இங்கே குளிர்காலம், ஒரு சொட்டு மழை இருக்காது. சுற்றிலும் கலஹாரி காய்ந்து கிடக்கும்போது நடுவில் மட்டும் வெள்ளம் வரும். யானை, எருமை, மான் எல்லாம் அப்போதுதான் உள்ளே திரளும்.

முகவர் சொன்ன ஜனவரியில் மழை இருக்கும், பச்சை இருக்கும், பறவைகள் ஏராளம், கட்டணமும் குறைவுதான். ஆனால் அது வெள்ளம் அல்ல. படகு போகிற வாய்க்கால்கள் பல அப்போது வற்றிக் கிடக்கும்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த ஆறு ஏன் நிற்கிறது என்று அவர் கேட்பார். தெற்கே பூமிக்குள் குறுக்கே பிளவுகள் இருக்கின்றன. நிலம் அங்கே ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. வந்த தண்ணீர் அந்த விளிம்பில் முட்டி, மிச்சம் மீதி மட்டும் தமலக்கானே என்ற ஆற்றில் திரும்பி, பொட்டேட்டி வழியாக மக்கடிக்கடி உப்பு வெளியை நோக்கிப் போகும். நூற்றில் இரண்டு பங்குகூட அப்படி வெளியேறுவது அரிது. மற்றதெல்லாம் வெயிலும் செடியும் குடித்துவிடுகின்றன. கரை கட்டியவர் யாரும் இல்லை, மதகும் இல்லை.

பருவம்: ஜூன் பிற்பாதி முதல் ஆகஸ்ட் வரை. கட்டணம் அப்போதுதான் உச்சம், அதை மறைக்க முடியாது. ஆளுக்கு இரவுக்கு 1,000 டாலரில் தொடங்கி 3,000-ஐத் தாண்டும் முகாம்கள்கூட உண்டு. உங்களிடம் சொன்ன தொகை இந்த வரிசையில் நடுவில்தான் வருகிறது.

முன்பதிவு செய்யும்முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது நீர் முகாமா, நில முகாமா?" நீர் முகாம் என்றால் மொக்கோரோ (கழி ஊன்றித் தள்ளும் ஒடுங்கிய ஓடம்), மோட்டார் படகு, பறவை. நில முகாம் என்றால் ஜீப், சிங்கம், சிறுத்தை. பெயரில் டெல்டா என்று போட்டிருந்தும் தண்ணீரே எட்டாத முகாம்கள் இருக்கின்றன.

எதிர்க்காற்று | பிப்ரவரி 10

உங்கள் அப்பாவின் ஆசையை மதிக்கிறேன் சகோதரி. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டெல்டாவுக்குள் இருக்கும் மொரேமி வனவிலங்குக் காப்பகம் 1963-இல் உருவானது. பட்டவானா மக்களே தங்கள் வேட்டை நிலத்தைக் காப்பகமாக அறிவித்தார்கள். தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி முன்னின்று செய்தார். ஆப்பிரிக்க மக்கள் தாங்களாகவே ஒதுக்கிய காப்பகம் என்று அதைப் பெருமையாகச் சொல்வது நியாயம்தான். ஆனால் அதே நிலத்துக்குள் அதற்கும் முன்பிருந்து வாழ்ந்த ஆற்றங்கரை புஷ்மன் மக்கள் (அங்கே பசார்வா என்பார்கள்) வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் வழியினர் இன்று காப்பகத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே க்வாய் கிராமத்தில் இருக்கிறார்கள். தாத்தா மீன் பிடித்த மடுவில் இன்று ஒருவர் இரவுக்கு ஒரு லட்சம் கொடுத்துத் தூங்குகிறார். இதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

"குறைந்த ஆட்கள், அதிக விலை" என்பது போட்ஸ்வானா அரசின் கொள்கை. காட்டுக்கு நல்லது. சரி. ஆனால் அந்த அதிக விலையில் எவ்வளவு, ஓடத்தில் கழி ஊன்றுகிறவர் கைக்குப் போகிறது? முகாமின் உரிமை யாரிடம்? முன்பதிவுப் பணம் எந்த நாட்டு வங்கியில் விழுகிறது? இதைக் கேட்காமல் 12 லட்சம் கட்டாதீர்கள்.

நாமக்கோழி | பிப்ரவரி 10

நான் பறவை பார்க்கிறவன், பணக்காரன் இல்ல. பத்து நாள் போயிட்டு வந்தேன், ஒரு ராத்திரிகூட சொகுசு முகாம்ல தங்கல.

மவுன்ல இருந்து போரோ பக்கம் உள்ளூர் ஓடக்காரங்களே சேர்ந்து நடத்துற சமூக அறக்கட்டளை இருக்கு. அவங்க மொக்கோரோல கூட்டிட்டுப் போய், தீவுல கூடாரம் போட்டுத் தங்கவைப்பாங்க. சாப்பாட்டுச் சாமானெல்லாம் நாமதான் கொண்டுபோகணும். க்வாய்லயும் கிராம அறக்கட்டளை நடத்துற கூடாரத் திடல் இருக்கு, வேலி கிடையாது. ராத்திரி யானை கூடாரத்தை ஒட்டி நடந்து போச்சு. வயிறு கடகடன்னு உருள்ற சத்தம் துணிக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

பார்த்ததுல மறக்க முடியாதது பெல் மீன் ஆந்தை. செம்பழுப்பு நிறம், கோழியைவிடப் பெருசு, கருங்காலி வகை மரத்து உச்சியில உக்காந்திருந்துச்சு. அப்புறம் அல்லி இலைமேல ஓடுற இலைக்கோழி. ஆண்தான் அடைகாக்கும், ஆபத்துன்னா குஞ்சுகளை ரெக்கைக்குக் கீழ இடுக்கிட்டு நடக்கும். கால் மட்டும் வெளிய தொங்கிட்டு இருக்கும். அதை ஒரு மணி நேரம் பார்த்துட்டே இருந்தேன். லெச்வே மான் தண்ணியில தாவி ஓடுறப்ப வர்ற அந்த சளப் சளப் சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

ஆனா 70 வயசுக்காரரை நான் தங்கின மாதிரி தங்கச் சொல்ல மாட்டேன். தரையில படுக்கணும். ஜூலை ராத்திரி 5 டிகிரிக்கு இறங்குது.

கபரோனிவாசி | பிப்ரவரி 11

எதிர்க்காற்று கேட்டது சரியான கேள்வி. தெரிந்தவரை சொல்கிறேன்.

டெல்டாவின் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து முகாம் போடுகின்றன. சில பகுதிகளில் கிராம அறக்கட்டளைக்குக் குத்தகைப் பணம் போகிறது, வேலையிலும் கிராமத்தாருக்கு முன்னுரிமை. மரத்தூண்மேல் பலகை அடித்து அதன்மேல் கூடாரம் என்ற அமைப்பும் அழகுக்காக வந்ததில்லை. காங்கிரீட் போடாமல், நாளைக்குக் கழற்றி எடுத்தால் தடம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இதனால் எல்லாம் நியாயமாகிவிட்டது என்று சொல்லவில்லை. மேல்கோடியில் செரோங்கா பக்கம் மக்கள்தொகைக்குக் குறையாமல் யானை இருக்கிறது. விதைத்த சோளத்தை ஒரே ராத்திரியில் இழந்த குடும்பத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யானை உங்களுக்குக் காட்சி, அவர்களுக்கு அறுவடை. முகாம் பணம் அவர்களுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதே என் கருத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த நிலத்தை நெடுங்காலம் காத்தது டிசெட்ஸி ஈ. உறக்க நோயைப் பரப்பும் ஈ, மாட்டையும் கொல்லும். அதனால் மாட்டுப்பட்டிகள் உள்ளே போகவில்லை. 2001, 2002-இல் விமானத்திலிருந்து மருந்து தெளித்து அதை ஒழித்தார்கள். இப்போது மாட்டையும் காட்டெருமையையும் பிரித்து நிற்பது ஒரு கம்பி வேலிதான். முகாம் வருமானம் நின்றால் அந்த வேலி எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்குக் கவலை.

இளவேனில் | பிப்ரவரி 11

மருத்துவர் என்ற முறையில் சில வரிகள்.

மலேரியா: ஜூலை, ஆகஸ்டில் கொசு குறைவு. ஆனாலும் டெல்டா மலேரியாப் பகுதிதான். தடுப்பு மாத்திரை உண்டு. அப்பா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரைகளின் பட்டியலோடு அவருடைய மருத்துவரிடம் போய் எது பொருந்தும் என்று கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல்: போட்ஸ்வானாவில் அந்த நோய் இல்லை. ஆனால் நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே இறங்கித் தங்கினால் இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் கூடுதல் ஆபத்து உண்டு. அதனால் தேவைப்படாத வழியில் டிக்கெட் எடுப்பதே நல்லது.

காப்பீடு: முகாமிலிருந்து விமானத்தில் தூக்கிப்போகும் செலவு அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இது முக்கியம்.

வண்டல்மண் | பிப்ரவரி 16

எல்லோருக்கும் நன்றி. இழையை முழுசாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "60 மீட்டர் இறக்கம், 250 கிலோமீட்டர்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, காகிதத்தில் கணக்குப் போட்டு, "கிலோமீட்டருக்கு ஒரு அடிகூட இல்ல" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

முடிவு: ஆகஸ்ட் முதல் வாரம். மவுனில் ஓர் இரவு, நீர் முகாமில் மூன்றுக்குப் பதிலாக இரண்டு இரவு, பிறகு க்வாய் பக்கம் எளிய கூடார விடுதியில் இரண்டு இரவு. முகாமிடம் எதிர்க்காற்று கேட்ட மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது: குத்தகைப் பணம் கிராமத்துக்குப் போகிறது, ஊழியர்களில் பெரும்பாலோர் அந்தக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். மூன்றாவதுக்கு, பணம் எந்த நாட்டு வங்கிக்குப் போகிறது என்பதற்கு, பதில் இல்லை.

வண்டல்மண் | ஆகஸ்ட் 24

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எச்சரிக்கை. மவுனிலிருந்து முகாமுக்குப் போவது பன்னிரண்டு பேர்கூட உட்கார முடியாத சின்ன விமானம். கைப்பை உட்பட ஆளுக்கு 20 கிலோ, அதுவும் சக்கரம் இல்லாத துணிப்பையில் மட்டும். இதை முகவர் எங்களிடம் சொல்லவே இல்லை. சக்கரப் பெட்டியை மவுனில் விட்டுவிட்டு, விமான நிலையத்துத் தரையில் உட்கார்ந்து அம்மா எல்லாவற்றையும் பிரித்துத் துணிப்பையில் அடுக்க வேண்டியதாயிற்று. அவர் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விமானத்தில் அப்பாவை ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். உயரம் குறைவு, எல்லாம் தெரிந்தது. முதலில் பழுப்பு நிறக் காய்ந்த காடு. பிறகு கண்ணாடித் துண்டுகள் மாதிரி தண்ணீர். கோரைக்குள் நீர்யானை நடந்து நடந்து வெட்டிய வழிகள் வாய்க்கால் மாதிரி வளைந்து போயின. ஆயிரக்கணக்கான தீவுகள், ஓரத்தில் பனை, நடுவில் வெள்ளையாக ஒரு வழுக்கை. இறங்கியதும் வழிகாட்டி விளக்கினார். பல தீவுகள் கறையான் புற்றில்தான் தொடங்குகின்றன. புற்று தண்ணீருக்கு மேலே நிற்கும், பறவை வந்து உட்காரும், எச்சத்தில் விதை விழும், மரம் வரும். மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு மட்டும் தீவின் நடுவில் தங்கிவிடும். அதனால் சுற்றிலும் ஓடுவது நல்ல தண்ணீர். "இத்தனை ஆவியாகியும் ஏன் உப்பாகலைன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார் அப்பா. வழிகாட்டிக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முகாம் பற்றி. எட்டே கூடாரங்கள். கூடாரம் என்று சொன்னாலும் உள்ளே தேக்குக் கட்டில், செம்புத் தொட்டி, வெந்நீர், எல்லாம் சூரிய மின்சாரம். வேலி கிடையாது. இருட்டிய பிறகு காவலாள் இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. ஆபத்துக்கு ஊதச் சொல்லி ஒரு குழல் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முதல் ராத்திரி இரண்டு மணிக்குப் பலகைக்குக் கீழே யாரோ புல் அறுப்பது போல் சத்தம். நீர்யானை மேய்கிறது! அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார், அப்பா வலைச் சன்னலில் முகத்தை வைத்து விடியும்வரை நின்றார். படுக்கையில் வெந்நீர்ப் பை போட்டு வைத்திருந்ததால் குளிர் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பயந்தோம், தேவையே இருக்கவில்லை. முன்பே எழுதியிருந்ததால் சமையற்காரம்மா தனியாகவே செய்தார். மொரோகோ என்று ஒரு கீரை, தட்டைப்பயற்றின் இலை, தக்காளி போட்டு மசித்தது. காலையில் புளித்த சோளக்கூழ். டிங் என்கிறார்கள். அம்மா அதை வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்து இன்னொரு கிண்ணம் கேட்டார். இரண்டு பேரும் மொழி தெரியாமலே எத்தனை நாள் புளிக்க வைப்பது என்று விரலால் பேசிக்கொண்டார்கள். அங்கே பெரியவர்களை 'ரா', 'மா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். 'துமேலா மா' என்று யாராவது சொன்னால் அம்மாவும் கைகூப்பி 'துமேலா' என்பார்.

இரண்டாம் நாள் காலை மொக்கோரோ. முன்பு பெரிய மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது மரத்தைக் காக்க ஃபைபரில் செய்கிறார்கள். ஓடக்காரர் பயேய் இனத்தவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மொக்கோரோவை டெல்டாவுக்குக் கொண்டுவந்ததே அவர்கள் இனம்தான். நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறார், சத்தமே இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அல்லித் தண்டு அடிவரைக்கும் தெரிகிறது. நாணலில் உடம்பெல்லாம் வரி போட்ட நகத்தளவு தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் அப்பா ஓடத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடத்தின் நீளத்தை அளவாக வைத்து, இலை கடக்கும் நேரத்தை எண்ணினார். மூன்று தடவை செய்தார். வாய்க்காலில் நீரோட்டம் அளக்க அவர் காலத்தில் இப்படித்தான் மிதவை விடுவார்களாம். ஓடக்காரர் ஒன்றும் கேட்காமல் கழியை மண்ணில் ஊன்றி ஓடம் அசையாமல் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை அவரே கீழே கிடந்த இன்னொரு இலையை எடுத்து நீட்டினார்.

பிறகு இரண்டு பேரும் வழிகாட்டி மூலமாகப் பேசினார்கள். இந்த வருஷம் வெள்ளம் எப்போது வந்தது என்று அப்பா கேட்டார். அவர் நாணலில் பழைய நீர்மட்டக் கறையைக் காட்டினார். 2019-இல் தண்ணீர் வரவே இல்லை, நீர்யானைகள் சேற்றில் மாட்டிக் கிடந்தன என்றார். அந்த நாட்டில் பணத்தின் பெயரே 'பூலா', மழை என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்.

இனி, பணத்துக்குத் தகுமா என்ற கேள்வி. செம்புத் தொட்டிக்கும் பதினாறு வகை ஒயினுக்கும் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். அவை வேண்டியதில்லை. ஆனால் அங்கே இரண்டு நாளில் நாங்கள் பார்த்த, எங்கள் முகாமைச் சேராத வண்டி ஒன்றே ஒன்று. க்வாயில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஒன்பது வண்டிகள் நின்றன. அது மரத்திலிருந்து இறங்க முடியாமல் தவித்ததை எங்களால் பார்க்க முடியவில்லை, திரும்பிப் போகச் சொன்னோம். நீர் முகாமில் கிடைத்த அமைதிக்குத்தான் அங்கே விலை. அப்பாவின் ஓடம் கால்மணி நேரம் நடு வாய்க்காலில் நின்றதும் அதனால்தான்.

எதிர்க்காற்று | ஆகஸ்ட் 25

வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அந்த ஓடக்காரர் எந்த ஊர், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களா?

வண்டல்மண் | ஆகஸ்ட் 25

கேட்டேன். சம்பளத்தை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது, அதனால் தொகை தெரியாது. மூன்று மாதம் முகாமில் வேலை, ஒரு மாதம் ஊரில். கிராமத்தில் தண்ணீர் வடிந்த ஈரத்தில் சோளம் போடுவதாகச் சொன்னார். 'மொலாப்போ' என்று அதற்குப் பெயர். வெள்ளம் நேரத்துக்கு வடிந்தால் விளையும். பேத்தி மவுனில் படிக்கிறாள். முகாம் வேலை இல்லாவிட்டால் படிக்க வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார், யானை தின்றதற்கு வரும் ஈடு போதவில்லை என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்டார். "மதகை மூடினால் கீழே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?" அப்பா உடனே பதில் சொல்லவில்லை. முறை வைப்பதை, மேல்மடை கடைமடை சண்டையை, ராத்திரி மதகடியில் லஸ்கர் என்ற பணியாள் காவல் இருப்பதை எல்லாம் விளக்கினார். ஓடக்காரர் கேட்டுவிட்டு, மேலே அங்கோலாவில் இதுவரை பெரிய மதகு எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

கபரோனிவாசி | ஆகஸ்ட் 26

மேலே தண்ணீரைத் தடுத்துவிடுவார்களோ என்ற பயம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூன்று நாடுகளும் சேர்ந்து 1994-இல் ஒரு ஆற்று ஆணையம் அமைத்தன. மேலே அணையோ பாசனமோ பெரிதாக வந்தால் முதலில் தெரிவது மொஹெம்போ அளவுகோலில்தான். அதன் நீர்மட்டத்தை மவுனில் உள்ள ஒக்கவாங்கோ ஆராய்ச்சி நிறுவனம் இணையத்தில் போடுகிறது. அப்பாவிடம் சொல்லுங்கள்.

வண்டல்மண் | ஆகஸ்ட் 26

சொன்னேன். பழைய நாட்குறிப்பில் கோடு போட்டு, தேதிக்கு ஒரு கட்டம் வரைந்து வைத்துவிட்டார். என் போனில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. இந்த வாரத்து அளவு யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள், முதல் கட்டம் காலியாக இருக்கிறது.